கரஸா? ரெகுலரா?

"ஓ... கரஸ்ல படிச்சதா?"

இன்டர்வியூ அறையில் சான்றிதழைப் புரட்டிக்கொண்டே அதிகாரி கேட்கும் கேள்வி இது. கேள்வி சின்னதுதான். ஆனால் அந்த 'ஓ'வுக்குள் எல்லாமே அடங்கியிருக்கிறது. கல்லூரிப் படியை மிதிக்காதவன், பணம் கட்டிப் பட்டம் வாங்கியவன், தூங்கிக்கொண்டே பாஸ் பண்ணியவன் என்று மூன்று தீர்ப்பு, ஒரே எழுத்தில்!

எதிரே உட்கார்ந்திருப்பவன் யார்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அப்பா படுக்கையில் விழுந்துவிட்டதால் கூரியர் வேலைக்குப் போனவனாக இருக்கலாம். காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்தால் ராத்திரி எட்டு மணிக்கு நிறுத்துபவன். அல்லது ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டும் பெண்ணாக இருக்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள், ஸ்டேஷனில் பாரா நிற்கும் கிரேடு-2 காவலர், டிப்ளமோவோடு ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போகிறவன், கல்யாணத்தோடு படிப்பை நிறுத்தி இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு மறுபடி புத்தகத்தைத் தொட்டவள்... இவர்கள்தான் தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவர்கள்.

கல்லூரிக்குப் போக மனமில்லாமல் இவர்கள் கரஸில் சேரவில்லை. கல்லூரி திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் இந்தப் பட்டத்தின் மீது இவ்வளவு இளக்காரம் ஏன்? "தரம் இல்லை" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் தரம் ஏன் இல்லை, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் எல்லோரும் மாணவனைக் கை காட்டுகிறார்கள். அங்கேதான் அநியாயம் ஆரம்பிக்கிறது.

இந்தப் படிப்பில் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது நேரம். பல்கலைக்கழகம் பட்டத்தை விற்றது. படிக்க நேரம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. முதலாளி பட்டம் கேட்டார். படிக்க நேரம் தரவில்லை. அரசு இரண்டையும் பல வருடம் வேடிக்கை பார்த்துவிட்டு, கடைசியில் பட்டத்தை மட்டும் செல்லாது என்றது. மூவரும் சேர்ந்து செய்த தவறுக்குத் தலைகுனிந்து நிற்பவன் மாணவன்!

ஒரு சின்னக் கணக்கு

தரம் பற்றிப் பேசுபவர்கள் ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. பாடம் வாசிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, வகுப்புக்குப் போவது எல்லாம் சேர்த்து. அங்கே முன்பு இருந்த இளநிலைப் பட்டத் திட்டத்துக்கு 96 கிரெடிட். 96-ஐ 30-ஆல் பெருக்கினால் 2,880 மணி. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பொது பி.ஏ.வுக்கு 132 கிரெடிட். அதாவது 3,960 மணி. மூன்று வருடத்தில், அதாவது 156 வாரத்தில், முடிக்க வேண்டுமானால் வாரத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல் படிக்க வேண்டும்.

இப்போது ஜவுளிக்கடைப் பெண்ணின் வாரத்தைப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி. கடையில் தினம் 10 மணி வீதம் ஆறு நாள், 60 மணி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தினம் 2 மணி வீதம் 12 மணி. தூக்கம் தினம் 7 மணி வீதம் 49 மணி. ஆக 121 போய்விட்டது. மீதி 47. சமையல், துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை, சாப்பாடு, குளியல் என்று தினம் 4 மணி வைத்தால் 28. கடைசியில் கையில் நிற்பது 19 மணி.

தேவை 25. இருப்பது 19. அந்த 19-இலும் ஒரு காய்ச்சல் வரக்கூடாது, ஒரு கல்யாணத்துக்குப் போகக்கூடாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடக் கண் அசரக்கூடாது. தீபாவளிக்கு முந்தின மாதம் கடை ராத்திரி பதினொன்று வரை திறந்திருக்கும் என்பதையும் மறந்துவிட வேண்டும்.

இது சோம்பேறித்தனமா? இல்லை. கழித்தல் கணக்கு.

நேரம் இல்லாதவன் என்ன செய்வான்? புத்தகப் பார்சலைப் பிரிக்காமலே வைத்திருப்பான். தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் கைடு வாங்குவான். அதிலும் 'மிக முக்கிய வினாக்கள்' என்று போட்ட பக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்வான். அசைன்மென்ட்டை ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக வாங்கிக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பான். பாஸ் ஆகிவிடுவான். பிறகு, "கரஸ் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று உலகம் சொல்லும். தெரியாதுதான்! தெரிந்துகொள்ள வேண்டிய 3,960 மணி நேரத்தை அவனுக்கு யார் கொடுத்தார்கள்?

ஆறு வருடம் என்பது தோல்வியா?

பிரிட்டனில் 1969-இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1971-இல் முதல் அணி மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். சேருவதற்கு முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பிபிசி தொலைக்காட்சியில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பாடம் நடத்தினார்கள். வேலைக்குப் போகிறவன் வீட்டில் இருக்கும் நேரம் அதுதானே! அந்தப் பாட ஒளிபரப்பு 2006 வரை நடந்தது.

அங்கே ஓர் இளநிலைப் பட்டத்துக்கு 360 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி. மொத்தம் 3,600 மணி. இக்னோவின் 3,960 மணிக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு அங்கே சாதாரணமாகச் சொல்லும் வழி, வருடத்துக்கு 60 கிரெடிட் வீதம் ஆறு வருடம். ஆறு வருடம் ஆவதை அங்கே யாரும் அரியர் என்று சொல்வதில்லை. பாதி நேரம் படிப்பவனுக்கு இரண்டு மடங்கு காலம் ஆகும். இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

இக்னோவும் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை முடிக்க அனுமதிக்கிறது. 3,960 மணியை ஆறு வருடத்துக்குப் பரப்பினால் வாரத்துக்குப் 13 மணிகூட ஆகாது. அந்த ஜவுளிக்கடைப் பெண்ணின் 19 மணிக்குள் அது அடங்கிவிடும். கைடு வேண்டாம், ரெடிமேட் அசைன்மென்ட் வேண்டாம். படித்தே பட்டம் வாங்கலாம்!

ஆனால் நம் ஊரில் அட்மிஷன் போடுகிற எவராவது இதைச் சொல்கிறார்களா? "மூணே வருஷம், கையில டிகிரி" என்றுதான் சுவரில் எழுதியிருக்கும். நான்காவது வருடமும் படிப்பவனைப் பார்த்தால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், "இன்னுமா முடிக்கலை? எத்தனை பேப்பர் நிக்குது?" மெதுவாக ஒழுங்காகப் படிப்பவன் தோற்றவன். வேகமாகப் படிக்காமல் முடிப்பவன் கெட்டிக்காரன். என்ன கொடுமை இது!

காமதேனுவாகப் போன கல்வி

அஞ்சல் வழிக் கல்வி ஆரம்பித்த நோக்கம் நல்ல நோக்கம்தான். 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் இந்தியாவில் இதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் தொடங்கின. 1985-இல் இக்னோ வந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் நிறைவேறியது. கல்லூரியே இல்லாத ஊரில் இருந்த குமாஸ்தாவும், இடைநிலை ஆசிரியரும், ராணுவத்தில் இருந்தவரும் இதனால் பட்டதாரி ஆனார்கள். பல குடும்பங்களில் முதல் பட்டம் தபாலில் வந்த பட்டம்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

பிறகுதான் பல்கலைக்கழகங்கள் ஒன்றைக் கண்டுகொண்டன. இந்த மாணவனுக்கு வகுப்பறை கட்ட வேண்டாம், விடுதி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம், நிரந்தரப் பேராசிரியர் வேண்டாம். புத்தகம் அச்சடித்து அனுப்பினால் போதும், ஃபீஸ் வந்துகொண்டே இருக்கும். காமதேனு வீட்டுக்கே வந்துவிட்டது! கறந்தார்கள். புல் போட மட்டும் மறந்துவிட்டார்கள்.

ஊருக்கு ஊர் ஸ்டடி சென்டர்கள் முளைத்தன. கீழே மொபைல் கடை, மாடியில் 'பல்கலைக்கழகப் படிப்பு மையம்'. தொடர்பு வகுப்பு என்று சில ஞாயிற்றுக்கிழமைகள். ஒரு பாடத்தின் ஐந்து யூனிட்டையும் ஒருவரே ஒரு நாளில் ஓட்டிவிடுவார். சந்தேகம் கேட்டால், "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராதுப்பா" என்பார். எழுதிக் கொடுத்த அசைன்மென்ட் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. மார்க் வரும், திருத்திய தாள் வராது. எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமலே மூன்று வருடம் ஓடிவிடும்.

ஒரு ஆசிரியர் தன் எழுத்தைப் படித்துப் பார்த்து, ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதித் தந்தார் என்ற அனுபவம் இல்லாமலே ஒருவன் பட்டதாரி ஆகிறான். இதுதான் தரக் குறைவு. இதைச் செய்தது மாணவனா?

சாப்பிட்ட பிறகு எழுப்பிவிட்ட கதை

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டு, மொய்யும் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டு முடித்த பிறகு "உனக்கு இங்கே அழைப்பே இல்லையே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? தொலைநிலை மாணவர்களுக்கு இது பல தடவை நடந்திருக்கிறது.

முதல் கதை: பத்தாம் வகுப்பு, +2 எதுவும் இல்லாவிட்டாலும், வயது நிறைந்திருந்தால் போதும் என்று திறந்தநிலை முறையில் சேர்த்துக்கொண்டார்கள். சிலர் இளநிலைப் பட்டமே இல்லாமல் நேரடியாக எம்.ஏ. முடித்தார்கள். அட்மிஷன் போட்டது, புத்தகம் அனுப்பியது, தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது எல்லாம் அரசு அமைத்த பல்கலைக்கழகங்கள். 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அடிப்படைப் பட்டம் இல்லாமல் இப்படிப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்றது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, +2 முடித்து அதன் பிறகு பெற்ற பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். படி தாண்டக் கூடாது என்பது நியாயமான விதிதான். ஆனால் அந்த விதியை அட்மிஷன் போடும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

இரண்டாவது கதை: சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமலே தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்தன. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2001 முதல் 2005 வரையான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மறுபடியும் தேர்வு எழுதிப் பாஸ் செய்தால்தான் பட்டம் உயிர் பெறும். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்து. டிப்ளமோவோடு வேலைக்குப் போய், சம்பளத்தை மிச்சம் பிடித்து ஃபீஸ் கட்டி, பட்டத்தைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவன், பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி தேர்வு அறையில்! பொறியியலைத் தபாலில் படிக்க முடியாது என்பது சரியான தீர்ப்புதான். ஆனால் அது தெரிந்தே கடை திறந்தவன் யார்?

மூன்றாவது கதை: 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. 2014-15 கல்வியாண்டுக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்திய தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் அங்கீகாரம் இல்லை என்றது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஆனால் ஏழு வருடமாகச் சேர்க்கை நடந்துகொண்டே இருந்ததே! அத்தனை வருடமும் ஃபீஸ் கட்டியவன் எதைப் பார்த்துச் சேர்ந்தான்? அரசுப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பார்த்துத்தானே? அந்தப் பெயரையும் நம்பக்கூடாது என்றால் கிராமத்துப் பையன் வேறு எதை நம்புவான்?

மூன்று கதையிலும் ஒரே முடிவு. நிறுவனம் பிழைத்துக்கொண்டது. மாணவன் மாட்டிக்கொண்டான். ஆடு திருடியவனை விட்டுவிட்டு, சந்தையில் காசு கொடுத்து ஆடு வாங்கியவனைக் கட்டி வைத்த கதைதான்!

முதலாளியின் இரட்டை நாக்கு

அடுத்து வேலை கொடுப்பவர்கள். "டிகிரி இருந்தால் சூப்பர்வைசர் ஆக்கலாம்" என்பார் முதலாளி. பையன் டிகிரிக்குச் சேருவான். தேர்வு வரும். நான்கு நாள் லீவு கேட்பான். "படிக்கணும்னா வேலையை விட்டுட்டுப் போய்ப் படி" என்பார் அதே முதலாளி. சம்பளப் பிடித்தத்தோடு லீவு போட்டு, ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ராத்திரி ஷிஃப்ட் முடித்த கண்ணோடு அவன் தேர்வு எழுதுவான். பட்டமும் வாங்கி வருவான். அப்போது அந்த முதலாளியின் விளம்பரத்தில் புதிதாக ஒரு வரி இருக்கும்: 'ஃபுல் டைம் ரெகுலர் பட்டதாரிகள் மட்டும்.'

தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்பவர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல்தான் சட்டத்திருத்தம் வந்தது. மனிதன் உட்காருவதற்கே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்றால், அவன் உட்கார்ந்து படிப்பதற்கு எத்தனை வருடம் ஆகும்?

உலகத்துக்கு இது புதிய யோசனையும் அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974-இலேயே 140-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. தொழிலாளி படிப்பதற்குச் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பிரிட்டன் போன்ற நாடுகள் ஏற்றுக் கையெழுத்திட்டன. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. திறன் வளர்ச்சி, மனித வளம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் இந்த ஒரு தாளை ஏன் தொடுவதில்லை?

மாணவன் மட்டும் யோக்கியனா?

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது.

"எந்த சென்டர்ல ஸ்ட்ரிக்ட் இல்லை?" என்று விசாரித்து அங்கே தேர்வு மையம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிட் அடிப்பதற்குத் தனியாகப் பணம் வசூலிக்கும் மையங்களுக்கு வாடிக்கையாளர்களும் மாணவர்கள்தான். சம்பள உயர்வுக்கு ஒரு காகிதம் தேவை, அவ்வளவுதான் என்று நினைத்துச் சேருகிறவர்களும் உண்டு. வாத்தியார் வேலையில் இருந்துகொண்டே அப்படி நினைப்பவர்களும் உண்டு. நேரம் இல்லை என்பது உண்மையான காரணம். ஆனால் அது காப்பி அடிப்பதற்கான லைசென்ஸ் அல்ல.

இவர்கள் பல்கலைக்கழகத்தை ஏமாற்றவில்லை. பல்கலைக்கழகம் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. இவர்கள் ஏமாற்றுவது பக்கத்து பெஞ்சில் இருப்பவளை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, சமையலறை விளக்கில் படித்து, சொந்தமாக எழுதுகிறாளே, அவளை. நாளைக்கு "கரஸா?" என்று இளக்காரமாகக் கேட்கப்போவது அவளிடமும்தான். பிட் அடித்துப் பாஸ் பண்ணியவன் அவள் பட்டத்திலிருந்தும் ஒரு துண்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு போகிறான்.

'ரெகுலர்'காரர்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டியதில்லை. கேன்டீனில் மூன்று வருடம், அதே கைடு, அதே கடைசிப் பத்து நாள் என்று படித்து வருகிறவர்கள் அங்கேயும் ஏராளம். ஆனால் அவர்களுக்கு நேரம் இருந்தது, நூலகம் இருந்தது, கேட்டால் சொல்ல ஆசிரியர் இருந்தார். இருந்தும் படிக்காதவனுக்கு 'ரெகுலர்' முத்திரை. இல்லாமல் படித்தவனுக்கு 'கரஸ்' முத்திரை.

நெல்சன் மண்டேலா பி.ஏ. முடித்தது எப்படி? ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே தபால் வழியில் படித்து 1943-இல் பட்டம் வாங்கினார். அவருடைய சட்டப் பட்டமும் சிறையில் இருந்தபடி தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படித்து 1989-இல் வாங்கியதுதான். அவரை எந்த இன்டர்வியூவில் உட்கார வைத்து "கரஸா?" என்று கேட்பார்கள்?

சமம் என்று அறிவித்தால் போதுமா?

2022 செப்டம்பரில் யு.ஜி.சி. ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ இணையவழியிலோ பெற்ற பட்டமும் நேரடி வகுப்பில் பெற்ற பட்டமும் சமம் என்றது. நல்ல விஷயம். பலர் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். காகிதத்தில் சமம் என்று எழுதிவிட்டால் வாரத்துக்கு 19 மணி 25 மணியாக மாறிவிடுமா? திருத்தாத அசைன்மென்ட் திருத்தப்பட்டுவிடுமா? படிப்பு சமமாக இல்லாதபோது பட்டம் மட்டும் சமம் என்று சொன்னால் முதலாளி ஏற்கமாட்டார், இன்னொரு பெயரில் ஒதுக்குவார். மாணவன் சண்டை போட வேண்டியது 'சமம்' என்ற சொல்லுக்காக மட்டும் அல்ல. அந்தச் சொல் உண்மையாவதற்குத் தேவையான மணி நேரத்துக்காக.

என்ன செய்ய வேண்டும்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம்.

பல்கலைக்கழகம் தன் விளக்கக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, "இந்தப் படிப்புக்கு வாரம் இத்தனை மணி தேவை. வேலைக்குப் போகிறவர் என்றால் ஐந்து அல்லது ஆறு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடிக்க வேண்டும். கூடுதல் வருடத்துக்குக் கூடுதல் ஃபீஸ் பிடுங்கக் கூடாது. அசைன்மென்ட்டைத் திருத்தி, குறிப்பு எழுதித் திருப்பித் தர வேண்டும். ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் பி.காம். படித்தால், அவள் கடையின் சரக்குக் கணக்கையே அசைன்மென்ட்டாகக் கேட்கலாமே! ஜெராக்ஸ் கடையில் அது கிடைக்காது. அவள் வேலையும் படிப்பாக மாறும்.

வேலை கொடுப்பவர் தேர்வு நாட்களுக்காவது சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும். அரசு அதைச் சட்டமாக்க வேண்டும். நூலகங்கள் வேலை முடிந்து வருகிறவன் வரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பறிபோனால் தண்டனை நிறுவனத்துக்கு. ஃபீஸ் மாணவனுக்குத் திரும்ப வர வேண்டும், அவன் எழுதிப் பாஸான பேப்பர்களை இன்னொரு பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும்.

சேருகிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டக் கூடாது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். போன வருடம் இருந்தது என்பது இந்த வருடத்துக்குப் பதில் ஆகாது. 2024 முதல் அந்தப் பிரிவின் தளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் வாங்கிய பிறகே சேர வேண்டும் என்று விதியும் வந்திருக்கிறது. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் எல்லாம் தொலைநிலையில் கிடையாது. "எங்ககிட்ட கிடைக்கும் சார்" என்று யார் சொன்னாலும் அந்த மாடிப்படியிலிருந்து அப்படியே இறங்கிவிடுவது நல்லது.

மறுபடியும் அந்த இன்டர்வியூ அறை. "கரஸா, ரெகுலரா?" என்று கேட்பது அதிகாரியின் சௌகரியம். பதிலைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்காமலே ஃபைலை மூடிவிடலாம். அதற்குப் பதில் அவர் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். "உன் பாடத்தில் எதைப் பற்றி உன்னால் பத்து நிமிஷம் பேச முடியும்?" இது முதல் கேள்வி. கைடு படித்தவன், கரஸோ ரெகுலரோ, அங்கேயே மாட்டிக்கொள்வான். "இதைப் படிக்க உனக்கு எப்போது நேரம் கிடைத்தது?" இது இரண்டாவது.

விடியற்காலை நாலு மணிக்கு, ரயில் பெட்டியின் வாசலில், கடை மூடிய பிறகு, குழந்தை தூங்கிய பிறகு... இப்படித்தான் பதில்கள் வரும். அதைக் கேட்ட பிறகும் அந்த 'ஓ' அவர் வாயில் வருகிறதா, பார்க்கலாம்.